நாலு தடம்

காரனோடை
15-11-1972

மரியாதைக்குரிய பூவராகவன் பாவா அவர்களுக்கு, செங்கமலவல்லி எழுதிக்கொள்வது.

இங்கே நைனாவும் நானும் சுகம். அத்தையின் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று எழுதவும். உங்கள் சுகத்தைக் கேட்க வேண்டியதில்லை. கார்டு முழுக்க அதுதான் இருக்கிறது.

அடுத்த முறை கவரில் எழுதுங்கள். கார்டாக இருந்தால் தபால்காரர் படித்துவிட்டுத்தான் கொடுக்கிறார். கும்மிடிப்பூண்டி பூவராகவன் ரேஸ் கார் வாங்கப்போகிறார் என்று எனக்கு முன்னால் டீக்கடைக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் இங்கிலீஷில் எழுதியிருந்த காரின் பெயரை அவர் மூன்று விதமாகப் படித்துக் காட்டினார். நான் உள்ளே போய்விட்டேன். ஆண்கள் யாராவது வந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியும். பேனா பிடித்தால் மட்டும் அந்த வியாதி வருவதில்லை.

கார்டை நைனாவுக்கு வாசித்துக் காட்டினேன். ரயில்வே லைன் ஓரத்து அத்தையின் கிணற்றுத் தோட்டத்தை இரும்புக் கம்பெனிக்காரர்கள் வாங்கிக்கொண்டது, அந்தப் பணத்தில் இரண்டே பேர் உட்காரும் பழைய சீமைக் கார் ஒன்றை நீங்கள் பார்த்து வைத்திருப்பது, பிப்ரவரியில் அதைச் சோழவரம் பந்தயத்தில் ஓட்டிவிட்டுப் பங்குனியில் அதே காரில் மாப்பிள்ளை ஊர்வலம் வரப்போவது, எல்லாம் தெரிந்துகொண்டோம். இரண்டு சீட்டில் ஒன்று உங்களுக்கு. தோட்டத்தைக் கொடுத்த அத்தை எதில் வருவார் என்று மட்டும் எழுதவில்லை. ஒருவேளை கார்டில் இடம் போதவில்லையோ என்னவோ.

"ஞாயிறு வண்டியைக் கொண்டுவருகிறேன், மாமா பார்த்துச் சொல்லட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். ஆவணியில் நமக்குத் தாம்பூலம் மாற்றினார்கள். அதற்கு முன்னால் நைனா உங்களுக்கு வெறும் தாய்மாமன். "கிளட்ச மிதிக்காம கியரு போடறியே, முண்டம்!" என்று ஸ்பேனரைத் தூக்கி எறிவார். இப்போது நீங்கள் வந்தால் தோளில் இருக்கும் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்து நிற்கிறார். பெண்ணைக் கொடுக்கிறவர் மாப்பிள்ளை ஆசைப்பட்டதை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் நம் குடும்பங்களில் கிடையாது. சொல்ல முடியாதவரிடம் வந்து சொல்லக் கேட்கிறீர்கள். சோழவரத்தில் வேறு மெக்கானிக்கே இல்லையா?

இப்படிக்கு,
உங்கள் மாமன் மகள்
செங்கமலவல்லி


காரனோடை
20-11-1972

பாவா அவர்களுக்கு,

நேற்று நீங்கள் வந்து போனதிலிருந்து எழுதலாமா வேண்டாமா என்று இருந்து, எழுதுகிறேன். நான் காபியை வைத்துவிட்டு ஓடிவிட்டதாக உங்களோடு வந்த கார் புரோக்கர் அரசப்பன் சிரித்தார். ஓடவில்லை. ஷெட்டின் தகரத் தடுப்புக்குப் பின்னால்தான் நின்றேன். எல்லாம் பார்த்தேன், எல்லாம் கேட்டேன்.

கார் சிவப்பு. அதில் ஒரு குறையும் இல்லை. தக்காளிகூட அழுகின பிறகும் சிவப்பாகத்தான் இருக்கிறது.

"இன்னா மேஸ்திரி, எப்டிக்கீது குட்டி?" என்றார் அரசப்பன். "ஊட்டி எஸ்டேட் தொர ஞாயித்துக்கெழம சர்ச்சுக்கு மட்டும் எட்த்துக்கினு போன வண்டி. சேறுன்னா இன்னான்னே அதுக்குத் தெரியாது."

நீங்கள் உடனே, "மாமா, சவுண்டு கேட்டீங்களா? புலி!" என்றீர்கள்.

"கேட்டேன் மாப்ளே."

"வாங்கிடட்டுமா?"

"உங்களுக்குப் புடிச்சா சரி மாப்ளே."

"மேஸ்திரியே சொல்லிட்டாரு! இந்த ரோட்ல அவரு வார்த்தைக்கு மேல இன்னாகீது?" என்று அரசப்பன் உங்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார். நீங்களும் பல்லைக் காட்டிக் குலுக்கினீர்கள்.

நீங்கள் நைனாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் கையைப் பார்த்தேன். எட்டாம் வகுப்போடு நின்றதிலிருந்து நாலு வருஷமாக அவர் வண்டிக்கு அடியில் படுத்தால் விளக்கைப் பிடிக்கிறவள் நான். அவர் கை கதவுக்குக் கீழே ஓரமாக ஓடிக்கொண்டே போகும். எங்கே நிற்கிறதோ அங்கே வண்டி பொய் சொல்கிறது. நேற்று இடது பக்கம் இரண்டு முறை நின்றது, வலது பக்கம் ஒரு முறை.

நீங்கள் போன பிறகு கேட்டேன். "இன்னா நைனா, புலியா?"

"புலியும் இல்ல, பூனையும் இல்ல. செத்துப்போன ரெண்டு வண்டிய நடுவுல வெட்டி ஒட்ட வச்சிகிறான். மேல பட்டி வச்சி, பெயிண்ட் அட்ச்சிட்டான்."

"அத அங்கியே சொல்றதுக்கின்னா?"

"பொண்ணக் குடுக்கறவன் வாய்ல கொழுக்கட்ட கீதும்மா," என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். பட்டப்பகலில் அவர் படுத்து நான் பார்த்ததில்லை.

அவர் சொன்னதை நம்ப வேண்டாம். நீங்களே பாருங்கள். புழுதி அடங்கட்டும் என்று ஷெட் வாசலில் தண்ணீர் ஊற்றியிருந்தேன். உங்கள் கார் அந்த ஈரத்தில் ஏறி, காய்ந்த தார் ரோட்டில் நேராகப் போனது. நேரான வண்டிக்குப் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்திலேயே விழும். ரோட்டில் இரண்டு கோடுதான் இருக்கும். உங்கள் கார் விட்டுப்போனது நாலு கோடு. முன்பாதி ஒரு பக்கம், பின்பாதி ஒரு பக்கம், நண்டு மாதிரி நடக்கிறது. வேகமாக ஓட்டினால் வளைவில் இரண்டு பாதியும் ஆளுக்கொரு திசையில் போகும். பணம் கொடுக்குமுன் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பாருங்கள்.

இப்படிக்கு,
செங்கமலவல்லி


கும்மிடிப்பூண்டி
28-11-1972

அன்புள்ள செங்கமலத்துக்கு, பாவா எழுதுவது.

கவரில் எழுதச் சொன்னாய், எழுதியிருக்கிறேன். வண்டியை வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் வாங்கிவிட்டேன். உன் கடிதம் அதற்கு முதல்நாளே கிடைத்தது. பொன்னேரி சிநேகிதர்களுக்கு வாசித்துக் காட்டினேன். வேங்கடேசன் சிரித்துச் சிரித்துப் புரையேறி, சோடா வாங்கிக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

நீ சொன்னபடி தண்ணீரும் ஊற்றிப் பார்த்தோம். நாலு தடம்தான் விழுந்தது. வண்டிக்கு நாலு சக்கரம் இருக்கிறதே, நாலு தடம் விழாமல் ஐந்தா விழும்? கணக்குப் பாடம் வருமுன்னே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாய் போலிருக்கிறது.

பெண்பிள்ளை பேச்சைக் கேட்டுக் கார் வாங்கினால் எனக்கு மீசை எதற்கு? மாமா முப்பது வருஷமாக வண்டி பார்க்கிறவர். அவரே சரி என்று சொல்லிவிட்டார். நீ அப்பளம் இடப் பழகு. அம்மாவுக்கு உளுந்தப்பளம் பிடிக்கும்.

பூவராகவன்


காரனோடை
4-12-1972

பாவா அவர்களுக்கு,

சைக்கிளுக்கு இரண்டு சக்கரம். நேராகப் போனால் எத்தனை கோடு விழும்? வேங்கடேசனைக் கேட்டுச் சொல்லுங்கள். அவர் பி.ஏ. படித்தவர்.

வாங்கிவிட்டீர்கள், அதைப் பற்றி இனிப் பேசுவதற்கில்லை. காளஹஸ்தி சந்தையில் மாடு வாங்குகிறவன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். நீங்கள் பெயிண்டைப் பார்த்து வாங்கினீர்கள். அது உங்கள் சாமர்த்தியம்.

எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். மாமா சொல்லித்தான் வாங்கினேன் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். என் இஷ்டத்துக்கு வாங்கினேன் என்று சொல்லுங்கள். அது நிஜமும்கூட. மெட்ராஸிலிருந்து தடா வரைக்கும் இந்த ரோட்டில் லாரிக்காரர்கள் ஒரு பழைய வண்டி வாங்குவதென்றால் "பரசுராமன் மேஸ்திரி பார்த்தாரா?" என்றுதான் கேட்கிறார்கள். நைனா சேர்த்து வைத்திருப்பது அது ஒன்றுதான்.

இந்த ஒரு காரியத்தைச் செய்தீர்களானால், உங்களோடு வாழ்ந்துவிடலாம் என்று நினைக்கிறேன். அப்பளமும் இட்டுத் தருவேன்.

செங்கமலவல்லி


கும்மிடிப்பூண்டி
14-2-1973

செங்கமலத்துக்கு,

கையில் கட்டு இருப்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். பிராக்டீஸ் அன்று சோழவரம் மைதானத்தில் நடந்தது உனக்குத் தெரிந்திருக்கும். இரண்டாவது வளைவில் வண்டி தன்னால் சுற்றிக்கொண்டு வைக்கோல் கட்டில் மோதிவிட்டது. மணிக்கட்டு பிசகினதோடு நான் தப்பித்தது அம்மா செய்த புண்ணியம். பந்தயத்தில் ஓட்ட விடவில்லை.

நாலு பேர் கூடிக் கேட்டார்கள், என்னய்யா வண்டி இது என்று. என் மாமா பார்த்து நல்ல வண்டி என்று சொன்னது, அவரைக் கேளுங்கள் என்றேன். நான் வேறு என்ன சொல்ல முடியும்? கூட்டத்தில் எனக்கும் ஒரு மரியாதை வேண்டாமா?

போகட்டும். அரசப்பன் வண்டியைத் தட்டி நிமிர்த்தி மறுபடி பெயிண்ட் அடித்துவிட்டான். கைராசிக்காரன். நெல்லூரில் ஒரு டாக்டரின் மகன், இருபது வயசு, வாங்கிக்கொள்ளத் துடிக்கிறான். அவனுக்கு யாரோ மாமாவின் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். மேஸ்திரி சொன்னால் வாங்குகிறேன் என்கிறான். 25ஆம் தேதி ஞாயிறு அவனை ஷெட்டுக்கு அழைத்து வருகிறேன். மாமா ஒன்றும் அதிகம் பேச வேண்டாம். நல்ல வண்டி என்று ஒரு வார்த்தை போதும். மாப்பிள்ளைக்காக இதுகூடச் செய்ய மாட்டாரா?

பூவராகவன்


காரனோடை
17-2-1973

பாவா அவர்களுக்கு,

உங்கள் கைக்கு எண்ணெய் காய்ச்சித் தடவச் சொல்லி அத்தையிடம் சொல்லுங்கள்.

நைனாவுக்குத் தடவ எங்களிடம் எண்ணெய் இல்லை. மீஞ்சூர் லாரிக்காரர்கள் இரண்டு பேர் வந்து இஞ்சினைப் பாதியிலேயே அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஒருவர் வாய்விட்டே சொன்னார். "மேஸ்திரி, சொந்த மருமவனுக்கே ஒட்டுப்போட்ட வண்டியத் தலையில கட்னவரு, எங்களுக்கு இன்னா செய்வீரு?" அரசப்பனிடம் நைனா கமிஷன் வாங்கினார் என்று டீக்கடையில் பேச்சு. நைனா அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். நடந்தது என்ன என்று யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் மாப்பிள்ளையைக் காட்டிக்கொடுத்தது ஆகுமாம்.

நீங்கள் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு போல்ட்டை எடுத்து வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூட்டிவந்து நிறுத்தினால் அவர் "சரி" என்று சொல்லிவிடுவார். அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். தெரிந்துதான் கூட்டிவருகிறீர்கள். உங்களுக்கு வைக்கோல் கட்டு இருந்தது. நெல்லூர் ரோட்டில் புளியமரம்தான் இருக்கிறது. அந்தப் பையனுக்கும் ஓர் அம்மா இருப்பார்.

இன்னும் நேரம் இருக்கிறது. அவனிடம் நீங்களே உண்மையைச் சொல்லிவிடுங்கள். டீக்கடையிலும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மறு தபாலில் பதிலை எதிர்பார்க்கிறேன்.

செங்கமலவல்லி


கும்மிடிப்பூண்டி
20-2-1973

ஞாயிறு காலை பத்து மணி. மாமாவை நல்ல சட்டை போட்டுக்கொண்டு இருக்கச் சொல். நீ வழக்கம்போல உள்ளேயே இரு.

பூ.


காரனோடை
22-2-1973

பூவராகவன் அவர்களுக்கு,

மறுபடியும் கார்டு. அதனால் உங்கள் பதிலை ஊரே படித்தது.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவர்கள் எங்கள் பக்கத்து வீட்டு ஜானகியம்மாளும் அவர் வீட்டுக்காரரும். அவர்கள் கையில் இருப்பது ஆவணியில் அத்தை கொடுத்த தட்டும் புடவையும். புடவையை ஒரு முறைதான் கட்டினேன், துவைத்து மடித்திருக்கிறேன். அத்தைக்கு என் நமஸ்காரம். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தோட்டமும் போய், மருமகளும் போய், அவருக்கு மிச்சம் நீங்கள்தான் என்று நினைத்தால் பாவமாக இருக்கிறது.

நைனாவிடம் நேற்று மத்தியானம் அவர் சாப்பிடும்போது சொன்னேன். நைனாவிடம்கூட நான் அவ்வளவு பேசியதில்லை.

"நைனா, இந்தக் கல்யாணம் வாணாம்."

கை சோற்றிலேயே நின்றது. "அக்கா இன்னா நெனைக்கும்?"

"அத்த அழும். அழட்டும். பெத்த புள்ள அதுக்குத் தெரியாதா?"

"ஊரு சிரிக்கும்டி."

"ஊரு இப்பவே சிரிச்சிக்கினுதான் கீது. உன்னப் பார்த்து."

சோற்றை மறுபடி பிசைய ஆரம்பித்தார். பிறகு கேட்டார். "தட்டத் திருப்பிக் குட்த்துட்டா அவன் எனக்கு இன்னா ஆவணும்?"

"அக்கா புள்ள. அவ்ளோதான்."

"அப்ப நாலு வார்த்த கேக்கலாம்?"

"தாராளமா."

"வண்டியப் பத்தியும் சொல்லலாம்?"

"அதுக்குத்தான் நைனா."

மோர் ஊற்றச் சொல்லி வாங்கிச் சாப்பிட்டார். கையைக் கழுவும்போதே ஆரம்பித்துவிட்டார். முதலில் உங்கள் மூளை. அப்புறம் இடது கதவு. அப்புறம் அரசப்பனின் கைராசி. தடுப்புக்கு அந்தப் பக்கம் லாரிக்காரர்கள் இரண்டு பேர் நின்று கேட்டார்கள் என்பது தெரிந்தும் குரலைத் தாழ்த்தவில்லை. மூன்று மாதமாக அடைத்து வைத்த பேச்சு. இன்று காலை டீக்கடைக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. அங்கே சிரிக்கிற சத்தம் இதுவரைக்கும் கேட்கிறது. நேற்றுவரை சிரித்த மாதிரி இல்லை.

நெல்லூர்க்காரர் ஞாயிறு பத்து மணிக்குத் தாராளமாக வரட்டும். அவர் கேட்பதற்கெல்லாம் நைனா பதில் சொல்வார். நீங்கள் வர வேண்டிய அவசியமில்லை. வண்டியை ஓட்டிவர அரசப்பன் போதும்.

செங்கமலவல்லி