இரைச்சல் இல்லாத பிக்கப்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து மழை. கடையில் இன்வெர்ட்டர் பாட்டரிகளுக்குத் தண்ணீர் ஊற்றியதோடு வேலை சரி. எலக்ட்ரிக்கல் இன்ஜினியர்!

ஐந்து மணிக்கு பேண்ட் பிராக்டிஸ். அண்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்கிற முந்திரி ஃபாக்டரியின் பின் ஷெட். முன்பக்கம் பெண்கள் முந்திரிப் பருப்பு தொலிக்கிறார்கள், சுவருக்குப் பின்னால் நாங்கள். வாடகை கிடையாது. சுஜினின் அம்மா அங்கே வேலை செய்வதால் முதலாளி சாவி கொடுத்திருக்கிறார். கொடுத்ததை ஊர் முழுக்கச் சொல்லியும் இருக்கிறார்.

என் கிட்டாருக்கு டிஸ்டார்ஷனைக் கூட்டினால் தாங்க முடியாத இரைச்சல். கடந்தல் குளவிக் கூடு கலைந்த மாதிரி. ஆஷிக் டிரம்ஸை விட்டு எழுந்து வந்து ஆம்பைக் கும்பிட்டான். பாடுகிற சுஜினுக்கு நக்கல்: "ஏலே, நீ வாசிக்காம இருக்கும்போதான் அது கூடுதலா வாசிக்குது."

பழைய கிட்டார். கம்பியின் அதிர்வைக் கரண்டாக்குகிற காந்தம்தான் பிக்கப்; இதில் இருப்பது மூன்று சிங்கிள் காயில். சர்ச் கோவிலில் கொயர் பாட்டுக்கு ஆகும். தடித்த கம்பியை நன்றாகச் சுருதி இறக்கி வைத்து அடிக்கிற எங்கள் பாட்டுக்கு ஆகாது. அடுத்த மாதம் திருவனந்தபுரத்தில் மேடை. அதற்குள் மாற்றியே தீர வேண்டும்.

ஜூன் 4, புதன்

வீடியோ பார்த்துப் பார்த்துக் கண் எரிகிறது. இதுவரை:

– செராமிக் ஹம்பக்கர். இரண்டு காயில், ஒன்றின் இரைச்சலை மற்றது தின்றுவிடும். அடி நெஞ்சில் வந்து விழுகிறது. ஓரத்தில் கொஞ்சம் தகரம். எனக்குப் பிடித்தது இதுதான்.
– அல்நிகோ. உருண்டையான சத்தம். தனி வாசிப்புக்கு அழகு. கம்பியை இவ்வளவு இறக்கினால் சேறு.
– ஆக்டிவ். உள்ளே பாட்டரி. நிறுத்தினால் கத்தியால் வெட்டின மாதிரி நிற்கும். இரைச்சல் சுத்தமாக இல்லை. உயிரும் கொஞ்சம் கம்மி.

செராமிக். முடிவு செய்தாகிவிட்டது. பணம்தான் இன்னும் முடிவு செய்யவில்லை.

அப்பா: "அந்தச் சாமானத்துல ஏற்கனவே ஆறு கம்பி உண்டுல்லா. இனி காந்தம் வேறயா?"

ஜூன் 5, வியாழன்

ஒன்று சரியில்லை. கம்பியில் கை வைத்தால் இரைச்சல் குறைய வேண்டும். எந்த கிட்டாரிலும் அப்படித்தான். இங்கே கூடுகிறது.

சுஜின் செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத் தரையில் நின்று பாட ஆரம்பித்தான். உதடு மைக்கில் பட்டதும் துள்ளிவிட்டான். "மைக்கு கடிக்குது மக்கா!"

ஆஷிக்: "நீ பாடுற பாட்டுக்கு கடிக்காம முத்தமா குடுக்கும்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மீட்டரை எடுத்து ஒரு முனையைக் கம்பியிலும் மறு முனையைத் தரையிலும் வைத்தேன். காட்டிய எண்ணை நம்பாமல் மீட்டரைத் தட்டிப் பார்த்தேன். மீட்டரில் குறை இல்லை. பிக்கப்பிலும் இல்லை. கட்டிடத்தில்.

ஜூன் 6, வெள்ளி

கடையில் பொய் சொல்லிவிட்டு முன்னாலேயே போய்ப் பார்த்தேன். எர்த் வயர் பின்சுவரில் இறங்கி, புதிதாக சிமென்ட் போட்ட இடத்தில் அறுந்து தொங்குகிறது. கசிவு போர்மாவிலிருந்து. பருப்பு உலர்த்துகிற சூட்டு அறை, ஆள் உயர இரும்புப் பெட்டி. அதன் ஹீட்டர் பழுது. கசிகிற கரண்டுக்கு மண்ணுக்குள் போக வழி இல்லை. அதனால் கட்டிடம் முழுக்கப் போகிற அதே எர்த் வயர் வழியாக, இரும்பு இருக்கிற இடத்திலெல்லாம் வந்து நிற்கிறது. போர்மா கதவில். தட்டுகளில். மைக்கில். என் கம்பியில்.

இப்படி நடந்தால் லைனை வெட்டிவிட ஒரு டிரிப்பர் இருக்க வேண்டும். இருக்கிறது. அதன் இரண்டு பக்கத்தையும் ஒரு வயரால் சேர்த்து முறுக்கி, வேலை செய்யாதபடி ஆக்கி வைத்திருக்கிறார்கள். மறந்துபோய்ச் செய்ததல்ல. தெரிந்து செய்தது.

போர்மாவில் தட்டு எடுப்பது சுஜினின் அம்மா. மாமியிடம் கேட்டேன்.

"கை விறுவிறுங்கும் மக்களே. அதுக்குத்தானே துணி சுத்துறது."

சூட்டுக்குச் சுற்றுகிறார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"மழைக்குக் கொஞ்சம் கூடுதலாட்டு இருக்கும். சூப்பர்வைசர் சொல்லுவான், உங்களுக்கெல்லாம் வாதம், ஓசியில கரண்டு வைத்தியம்னு."

சொல்லிவிட்டு மாமியும் சிரித்தார்.

ஜூன் 7, சனி

முதலாளியைக் கூட்டி வந்து காட்டினேன். கிட்டாரை மாட்டிக்கொண்டு போர்மாவை நிறுத்தச் சொன்னேன். ஆம்ப் அடங்கியது. போடச் சொன்னேன். உறுமியது. மறுபடியும் அப்படியே. சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

புரிந்தது. முகத்தில் தெரிந்தது.

"தம்பி படிச்ச பிள்ளை. ஹீட்டரை மாத்தணும்னா போர்மாவை நிறுத்தணும். லோடு தூத்துக்குடி போணும். அது போட்டும், பெறவு வயர்மேனை விளிக்கலாம்."

"அதுவரை அந்த டிரிப்பரையாவது..."

"அதைப் போட்டா போர்மா ஓடாது. ஆன் பண்ணினதும் சாடி, கரண்டு போயிரும்."

சாடுவதற்குத்தான் அது இருக்கிறது என்றேன். தோளில் கை போட்டார்.

"உனக்கு இப்போ சங்கடம் அந்த இரைச்சல்தானே? இரையாத சாமானம் ஒண்ணு உண்டுன்னு சுஜின் சொன்னான். வாங்கு. பைசா நான் தாறேன். பொம்பளைகள்ட்ட இதெல்லாம் சொல்லி பயம் காட்டாண்டாம்."

வெளியே வந்ததும் சுஜின்: "வாங்குலே. ஆபீஸைப் பூட்டினா அம்மை எங்க போவா? உங்க அப்பாவுக்குப் பென்ஷன் வருது. நீ நியாயம் பேசுவே."

உண்மை. அதனால்தான் கோபம் வந்தது.

ஜூன் 8, ஞாயிறு

கோவில். கொயரில் அதே கிட்டார், அதே பழைய பிக்கப். ஒரு முனகல்கூட இல்லை. கல்ஃப் பணத்தில் கட்டிய கோவில், எர்த் குழி தனித்தனியாக எடுத்து முறையாகச் செய்திருக்கிறார்கள். கடவுளுக்குக் கரண்டு அடிக்காது. முன் வரிசையில் முதலாளி, வெள்ளைச் சட்டை. என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் அசைத்தேன்.

குடையைக் கோவிலிலேயே மறந்து வந்துவிட்டேன்.

ஜூன் 11, புதன்

கூரியர் வந்தது. செராமிக் இல்லை, ஆக்டிவ். காரணத்தை இங்கேயாவது ஒழுங்காக எழுதுகிறேன். ஆக்டிவ் போட்டால் கம்பிக்குப் போகிற எர்த் வயர் தேவையில்லை. அதை வெட்டிவிடலாம். வெட்டினால் கம்பிக்குக் கரண்டு வராது. அந்தக் கட்டிடத்தில் எது கசிந்தாலும் எனக்கு ஒன்றும் ஆகாது.

வெட்டினேன். சால்டரிங் சுத்தமாக வந்தது.

சத்தம் அருமை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அருமை. தடித்த கம்பியை உள்ளங்கையால் அமுக்கி அடித்தால் கடை ஷட்டர் விழுகிற மாதிரி. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே பரிபூரண அமைதி. ஆஷிக் ஓடிவந்து கட்டிக்கொண்டான். சுஜினுக்கு நிற்க ரப்பர் பாய், மைக்குக்கு ஸ்பாஞ்சு உறை. மூன்று பேருக்கும் பாதுகாப்பு.

வாசிக்கும்போது போர்மா ஓடியதா இல்லையா, எனக்குத் தெரியாது. ஆம்ப் எதுவும் சொல்லவில்லை.

ஜூன் 13, வெள்ளி

விடாத மழை. லோடு அவசரம், மாலையிலும் வேலை வைத்துவிட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள்.

டீ குடிக்க வெளியே வந்தால் முற்றத்தில் கூட்டம், முதலாளியின் கார். மாமிக்கு உதவியாகத் தட்டு எடுக்கப் போன மேரி அக்கா விழுந்து கிடந்தாராம். பெண்கள் கத்தியிருக்கிறார்கள். நாங்கள் வாசித்துக்கொண்டிருந்தோம். நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

சூப்பர்வைசர்: "சுகரு. காலம்பற ஒண்ணும் தின்னாம வாறாளுவ."

மாமி என்னைப் பார்த்தார். நான் கிட்டாரைப் பையில் வைத்தேன்.

ஜூன் 14, சனி

மேரி அக்கா வீடு திரும்பிவிட்டார். வலது கை விரல்கள் மடங்கவில்லையாம்.

மாமி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எர்த், ஹீட்டர், டிரிப்பர். பிக்கப் யார் காசில் வந்தது, எந்த வயரை வெட்டினேன் என்பதையும். மாமி மீன் கழுவிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"அப்போ நீ மட்டும் மாறி நின்னுட்டே, இல்லியா மக்களே."

திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜூன் 16, திங்கள்

இனி போர்மாவில் கை வைக்க மாட்டேன் என்று மாமி முதலாளியிடம் நேராகச் சொல்லிவிட்டார். சண்டை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. தரம் பிரிக்கிற மேசைக்கு மாற்றிவிட்டார். அதே கூலி.

சுஜின் ஃபோனில்: "அம்மையை மாத்தியாச்சு. இனி உனக்கு என்னலே வேணும்? நாளைக்கு அஞ்சு மணி, மறந்துராதே."

"போர்மாவுக்கு யாரு?"

"யாராவது வருவாங்க. நீ பாட்டைப் படி."

இரவு சாப்பிடவில்லை. அப்பா காரணம் கேட்டார். வயிறு சரியில்லை என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

மழை. ஷெட்டுக்குள் பகலிலேயே விளக்கு வேண்டும்.

போர்மாவில் புதிதாக இரண்டு பெண்கள். ஜார்க்கண்ட் பக்கமாம். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு இந்தி தெரியாது.

ஆஷிக் குச்சியைத் தட்டி நாலு எண்ணினான். நான் அடிக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பு. போய்ப் பார்த்தேன். ஒருத்தி போர்மா கதவை விரல் நுனியால் தொடுகிறாள், வெடுக்கென்று இழுக்கிறாள், சிரிக்கிறாள். அடுத்தவளைப் பிடித்துத் தள்ளுகிறாள், இப்போது நீ. விளையாட்டு. இரண்டு பேரும் வெறுங்கால். கதவின் அடியில் மழைத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருக்கிறது.

தொடாதே என்று கையை ஆட்டினேன். அதற்கும் சிரிப்பு. அடுத்தவள் முழு உள்ளங்கையையும் விரித்தாள்.

மெயின் சுவிட்சை இறக்கிவிட்டேன்.

எல்லாம் நின்றுவிட்டது. மெயின் பெட்டியில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டு இதை ஃபோனில் எழுதுகிறேன். சுஜின், "லேய், போடுலே, எனக்க அம்மைக்கும் சேத்து வேட்டு வைக்காதே" என்று கத்துகிறான். ஆஷிக் நடுவில் வந்து நிற்கிறான், யார் பக்கம் என்று தெரியவில்லை. முற்றத்தைத் தாண்டி டார்ச் வெளிச்சம் வருகிறது. முதலாளி தனியாக வரவில்லை.