நாலாவது இதயம்

ஆனி இருபது, வெள்ளி. எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல ஃபோன் எழுதிக்கொள்கிறது.

மருமகள் செல்விக்கு ஞாயிற்றுக்கிழமை குரூப் ஃபோர் பரீட்சை. காலையில் பொது அறிவுப் புத்தகத்தைச் சத்தமாக வாசிப்பாள். ஒரு தடவை கேட்டால் எனக்கு மறக்காது. சாயங்காலம் அவள் வெங்காயம் உரிக்க, நான் கேள்வி கேட்பேன்.

இன்றைக்கு எல்லாம் சரியாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம் என்றேன்.

"நாலு. ஒண்ண ஒளிச்சு வச்சிருக்கும், ஒங்களுக்குக் காட்டாது."

விடை மூன்று. காலையில் அவளே அப்படித்தான் வாசித்தாள். முன்னொரு நாள் நாலு என்றது என் வீட்டுக்காரி. பேப்பர் வாசித்துக் காட்டும்போது என்னைச் சீண்டுவதற்காக, இதே வார்த்தைகளில் சொன்னாள். அவள் செத்த பிறகுதான் செல்வி இந்த வீட்டுக்கு வந்தாள். நான் யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

"ஏட்டி, ஒனக்கு யாரு சொன்னா?"

"புக்குலதான் இருக்கு. என்ன மாமா, பேயறைஞ்ச மாதிரி பாக்குதீய?"

திருத்தியிருக்க வேண்டும். ஒரு மார்க்கில் போன வருஷம் வேலையைக் கோட்டை விட்டவள் அவள். நான் திருத்தவில்லை. அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்டேன்.