பதினாலு கலெக்டர்களும் ஒரு சமையல்காரியும்

பிப். 12, வியாழன்

விடியலில் பனி. பத்து மணிக்கே வெயில். தண்ணீர் லாரி வரவில்லை.

முதலில் ஒன்றைச் சரிசெய்து வைக்கிறேன். இந்த வேலையை நான் கேட்டு வாங்கவில்லை. "வீட்டுக்காரர் போனதுலருந்து பெரியம்மாவுக்குப் பொழுதே போகல, பாவம், ஏதாச்சும் வேலை குடுங்கன்னு கேட்டாக" என்று பள்ளித் தாளாளரின் மனைவி கோயிலில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பொய். தாளாளர்தான் வீடு தேடி வந்தார், ஒரு தடவைக்கு மூன்று தடவை. கடைசித் தடவை அல்வாவோடு. அல்வாவைத் திருப்பி அனுப்பினேன், தாள் கட்டை வைத்துக்கொண்டேன். எனக்குப் பொழுது நன்றாகவே போகிறது. அதைக் கெடுக்க வருகிறவர்கள்தான் அதிகம்.

வேலை: பன்னிரண்டாம் வகுப்புப் பிரிவுபசார மலர். ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் இன்னொரு பிள்ளை எழுதியது. அடியில் 'எதிர்காலம்' என்று ஒரு வரி. நான் பிழை திருத்தித் தர வேண்டும். உங்கள் தமிழாசிரியர் என்ன ஆனார் என்றேன். "அவரு திருத்துனா பிழை கூடுதும்மா." அந்த மனிதர் வாயிலிருந்து இதுவரை வந்த ஒரே உண்மை.

சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். நாலு மணிக்குள் சிவப்பு மை தீர்ந்தது.

கண்டவை:
- 'நட்பின் இமயம்': ஒன்பது பேர். இந்தக் கரிசல் காட்டில் ஏறி நிற்க ஒரு மேடு கிடையாது.
- 'பழகுவதற்கு இனியவர்': மீதிப் பேர்.
- கலெக்டர் ஆகப் போகிறவர்கள்: பதினாலு. டாக்டர்களை எண்ணவில்லை.
- தினேஷ். 'வகுப்பின் சிரிப்பு மத்தாப்பு. எதிர்காலம்: விண்வெளி விஞ்ஞானி.' எதிர்வீட்டுப் பையன். அப்பாவின் விசைத்தறியில் அறுந்த நூலை முடியத் தெரியாமல் தினமும் திட்டு வாங்குகிறவன். சத்தம் இங்கே கேட்கும்.

பக்கத்துப் பெஞ்சில் வருடக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்த்ததாகவே தெரியவில்லை. தினேஷுக்கு இடதுகைப் பழக்கம் என்றுகூட எழுதத் தோன்றவில்லை. கான்வென்டில் நான் இப்படி எழுதியிருந்தால் மதர் தாளை இரண்டாகக் கிழித்து என் கையிலேயே கொடுத்திருப்பார்.

மை வாங்க வேண்டும். கண் சொட்டு மருந்தும்.

பிப். 14, சனி

காற்றே இல்லை. மாத்திரை போட மறந்தேன்.

கட்டின் அடியில் ஒரு தாள். ஒன்றே ஒன்று உருப்படி. வகுப்புத் தலைவி சுபாஷினி, தன் தோழி மகேஸ்வரியைப் பற்றி:

'மகேஸ் வெங்காயம் நறுக்கும்போது பேச மாட்டாள். நறுக்கி முடித்தால் நிறுத்த மாட்டாள். அவர்கள் புஞ்சையில் பருத்தி எடுக்க ஆள் வந்தால் அத்தனை பேருக்கும் அவள்தான் சமைப்பாள். உப்புப் பார்க்க மாட்டாள். சரியாக இருக்கும். எதிர்காலம்: கப்பலில் சமையல்.'

கண் உள்ள பெண். கடைசி வரி மட்டும் மொட்டையாக நின்றது. அடித்துவிட்டு நான் எழுதியது:

'நாங்கள் எல்லோரும் கலெக்டர் ஆவோம் என்று கரையில் நின்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, மகேஸ்வரி நடுக்கடலில் நாற்பது பேருக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பாள்.'

இரண்டு முறை வாய்விட்டுப் படித்தேன். நன்றாக இருக்கிறது. இருக்கிறதை ஏன் இல்லை என்பானேன்.

மாலையில் இரண்டு பெண்களையும் வரச் சொல்லியிருந்தேன். சுபாஷினி வாசலில் நின்று அம்மாவிடம் போனில் தெலுங்கு. போனை வைத்துவிட்டு என்னிடம் தமிழ். மகேஸ்வரி பந்தல்குடிக்காரி. குட்டை, முழங்கையில் எண்ணெய் தெறித்த தழும்பு, நாற்காலியில் உட்காரச் சொன்னால் நுனியில்.

"கப்பல் நிஜமா, இல்லை இதுவும் கலெக்டர் மாதிரியா?"

"நிஜந்தான் பெரியம்மா. தூத்துக்குடில கோர்ஸ் இருக்கு. விசாரிச்சுட்டேன்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல. பரீட்ச முடியட்டும், நானே சொல்லிருவேன்."

"மலரில் வருகிறதே."

"அது எங்களுக்குள்ளதான பெரியம்மா. அப்பா பேப்பரே படிக்க மாட்டாக."

சுபாஷினி குறுக்கே: "படிச்சாலும் இவ அப்பாவுக்கு இவ வைக்கிற கருவாட்டுக் குழம்பு போதும், மன்னிச்சிருவாரு."

"போடி, இவளே."

திருத்திய வரியைப் படித்துக் காட்டினேன். மகேஸ்வரி சிரிக்கவில்லை. இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

கட்டைத் தாளாளருக்கு அனுப்பினேன். அந்த வரிக்குக் கீழே இரட்டைக்கோடு போட்டு ஒரு சீட்டு: 'இந்தக் குப்பையில் அச்சிடத் தகுந்தது இது ஒன்றே.'

பிப். 19, வியாழன்

பிரிவுபசாரம். பட்டுப் புடவையில் பெண்கள், ஊக்கு ஊக்காகக் குத்திக்கொண்டு, நடக்கத் தெரியாமல். பையன்கள் வேட்டியை ஒரு கையால் பிடித்தபடி. தாளாளர் பேச்சு நாற்பது நிமிடம். பொருள் ஒன்றுமில்லை. பிரியாணியில் கிராம்பு அதிகம்.

பள்ளி வாசலில் பேனர். தாளாளர் கை கூப்பி ஆள் உயரத்துக்கு. பிள்ளைகள் தபால்தலை அளவில். உச்சியில், செக்கச் சிவந்த எழுத்தில், என் வரி. பக்கத்தில் மகேஸ்வரியின் படம் மட்டும் பெரிதாக.

வருடா வருடம் இந்த ஆளின் வழக்கம் அது. பிள்ளைகள் எந்தெந்த ஊரிலிருந்து வருகிறார்களோ அந்தந்த ஊருக்கு ரோடு பிரியும் விலக்கிலெல்லாம் ஒன்று கட்டிவிடுவார். அடுத்த வருட அட்மிஷனுக்கு. எனக்கு இது தெரியும். பரளச்சி விலக்கில் போன வருடம் பார்த்திருக்கிறேன். இந்தக் கட்டைத் திருத்தும்போது நினைவுக்கு வரவில்லை.

"இதை யார் போடச் சொன்னது?"

"நீங்கதானம்மா ரெண்டு கோடு போட்டு அனுப்புனீக! டிசைன் பண்றவனே அசந்துட்டான். நல்லா எடுக்குதுல்ல?"

மகேஸ்வரி பேனரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். புடவை அவளுக்கு நீளம். என்னிடம் வந்து ஒன்றுதான் கேட்டாள்: "பந்தல்குடிலயும் வச்சிருக்காகளா பெரியம்மா?"

சாப்பிடாமல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

பிப். 23, திங்கள்

வெயில். மாடித் தொட்டி காலி.

சுபாஷினி வந்தாள், அழுத முகம். வெள்ளிக்கிழமையிலிருந்து மகேஸ்வரி பள்ளிக்கு வரவில்லை. போனையும் வாங்கி வைத்துவிட்டார்கள். "பரீட்சையும் வேணாம், ஒண்ணும் வேணாம்னுட்டாராம் பெரியம்மா." பரீட்சை அடுத்த திங்கள்.

தாளாளரிடம் போனேன். பந்தல்குடி பேனரை இறக்கச் சொன்னேன். "மாசக் கடைசி வரைக்கும் இடத்துக்குச் சொல்லி வச்சாச்சேம்மா." பெண்ணின் வீட்டுக்கு ஒரு நடை போய்ப் பேசுங்கள் என்றேன். "அது குடும்ப விசயம்மா. நாம தலையிட்டா நல்லாருக்காது." தலையை ஊர் ஊராகக் கட்டி வைத்திருப்பவர் தலையிட மாட்டாராம்.

அவர் மனைவியிடம் இப்போது புதுக்கதை. நான் வேண்டுமென்றே போட்டுக்கொடுத்தேனாம். திருத்த எனக்குத் தெம்பில்லை.

பிப். 25, புதன்

பந்தல்குடி போனேன். பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்டு வாங்கினேன்.

விலக்கில் இறங்கினால் எதிரே அதேதான். பேனருக்குக் கீழே டீக்கடை, தூத்துக்குடி லாரிகள் வரிசையாக. ஒருவன் வடையைக் கடித்துக்கொண்டே என் வரியைப் பக்கத்து ஆளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினான். சிரித்தார்கள். நிறுத்தற்குறியில் நிற்காமல் படித்தான்.

மகேஸ்வரியின் அப்பா அழகர்சாமி. கொஞ்சம் புஞ்சை, சொந்தமாக ஒரு லாரி. முன்னறையில் பருத்தி குவியலாகக் கிடந்தது. என் வீட்டுக்காரரைத் தெரிந்தவர்.

"வாங்கம்மா. பரளச்சி ஐயா வீட்டம்மா இம்புட்டுத் தூரம் வந்திருக்கீக. உக்காருங்க."

"உட்கார வரவில்லை தம்பி. திங்கட்கிழமை பரீட்சை."

"தெரியும்மா."

"அனுப்புவீர்களா?"

"டீக்கடைல நிக்க முடியலம்மா. 'ஏலே அழகரு, உம் மக நாப்பது பேருக்குச் சோறு போடப் போறாளாம்ல, நாப்பத்தோராவது எலை எனக்கு'ங்கறான்."

"சொன்னவன் வீட்டில் உலை வைக்க ஆள் இருக்காது."

அவர் சிரிக்கவில்லை. பருத்தியில் ஒட்டியிருந்த சருகைப் பிய்த்துப் போட்டார்.

"சமைக்கிறதக் கேவலம்னு நெனைக்கிற ஆளில்லம்மா நானு. எம் மக என்னவாகப் போறாங்கறத எனக்கு முன்னாடி லோடு லாரிக்காரன் படிச்சுட்டான். அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கு அதான் தாங்கல."

அவர் என்னென்ன சொல்வார், நான் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அடுப்படியிலிருந்து மகேஸ்வரியின் குரல்: "சொல்லணும்னுதான்ப்பா இருந்தேன்."

"எப்ப? கப்பல் ஏறுன பெறகா?"

"நீங்கதான் என்னய லாரில தூத்துக்குடி கூட்டிட்டுப் போயி கப்பலக் காமிச்சீக."

"பாக்கத்தான் காமிச்சேன். ஏறவா காமிச்சேன்?"

மோர் கொண்டுவந்து வைத்தாள். கண் வீங்கியிருந்தது. மோரில் உப்பு சரியாக இருந்தது.

"இந்தக் கொழுப்பப் பாருங்கம்மா. மத்தப் பிள்ளைகள மட்டந்தட்டி அவளே எழுதிக் குடுத்திருக்கா. 'நாங்கல்லாம் கரையில நிக்கோம்'னு. கூடப் படிக்கிற பிள்ளையா இப்பிடி எழுதும்?"

மகேஸ்வரி என்னைப் பார்த்தாள். திரும்ப அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் மோரைக் குடித்தேன்.

கிளம்பும்போது அழகர்சாமி வாசல்வரை வந்தார். "யோசிச்சுச் சொல்லி விடுறேன்மா."

சொல்லி விடுறேன். இந்தச் சீமையில் யாரும் யாருக்கும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வதில்லை. பெண் கேட்டு வந்தவர்களுக்கும் அதே, நிலம் கேட்டு வந்தவர்களுக்கும் அதே. பஸ் கண்டக்டரிடமோ பால்காரரிடமோ வார்த்தையைக் கொடுத்து அனுப்புவது, அது வழியிலேயே செத்துப்போவது. அப்புறம், நான் சொல்லி விட்டேனே, வரலையா என்பது.

திரும்பும்போது நின்றுகொண்டே வந்தேன். ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான். வேண்டாம் என்றேன்.

பிப். 27, வெள்ளி

முழங்கால் வீக்கம். தைலம்.

எதுவும் சொல்லி வரவில்லை. சுபாஷினி இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். மலர் அச்சாகி வந்திருக்கிறது. தாளாளர் கொடுத்தனுப்பினார். திறக்கவில்லை. தினேஷ் வீட்டில் தறியில் நூல் அறுந்தது, வழக்கமான சத்தம்.

காலையிலிருந்து கடிதம். மூன்று தாள் கிழித்தேன். முதல் தாளில் தாளாளரைத் திட்டியிருந்தேன், இரண்டாவதில் டீக்கடைக்காரர்களை. மூன்றாவதில் பெண்கல்வி பற்றி ஒரு பத்தி. படித்தால் எனக்கே கொட்டாவி. நாலாவது நின்றது. சுபாஷினியின் அப்பா நாளைக் காலை பந்தல்குடி வழியாகத்தான் போகிறார், அவர் கையில் கொடுத்துவிடுவேன். நகல்:

'அழகர்சாமி தம்பிக்கு,

பேனரில் உள்ள வரியை எழுதியது மகேஸ்வரி அல்ல. நான். அவள் தோழி எழுதியிருந்த நாலு வார்த்தையை அடித்துவிட்டு என் சொந்த வார்த்தைகளைப் போட்டேன். மற்றப் பிள்ளைகளை மட்டந்தட்டியதும் நான்தான். கோடு போட்டுத் தாளாளருக்குக் காட்டியதும் நான்தான். பரீட்சை முடிந்ததும் உங்களிடம் சொல்லப் போவதாக மகேஸ்வரி என்னிடம் சொல்லியிருந்தாள். அவளுக்கு முன்னால் ஊருக்குச் சொன்னது என் வரி. புதன்கிழமை உங்கள் வீட்டில் உட்கார்ந்து மோரைக் குடித்துக்கொண்டு நான் இதைச் சொல்லாமல் வந்தேன். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

டீக்கடையில் யாராவது கேட்டால் என் பெயரையும் வீட்டையும் சொல்லுங்கள். இங்கே வந்து கேட்கட்டும்.

கப்பலைப் பற்றி நீங்களும் அவளும் பேசிக்கொள்ளுங்கள். அதில் எனக்கு வேலையில்லை. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். திங்கட்கிழமை காலை மகேஸ்வரி பரீட்சைக்கு வருவாளா, மாட்டாளா? யாரிடமும் சொல்லி விட வேண்டாம். போனும் வேண்டாம். ஒரு தாளில் உங்கள் கையால் எழுதி, ஞாயிறு சாயங்காலத்துக்குள் எனக்கு அனுப்புங்கள்.'