காருக்கு லாரிக் காற்று

பிப்ரவரி 7, வெள்ளி

காலையில் நல்ல பனி. மாடியில் துணியெல்லாம் ஈரம்.

ஞாயிறு ஆத்தூரில் மகள் கவிதாவுக்குக் கட்டுச்சோத்து விருந்து. நாங்கள் சோறு கட்டிக்கொண்டு போய் விருந்து போட்டு, அவளைப் பிரசவத்துக்கு நாமக்கல் கூட்டிவர வேண்டும். நானே எங்கள் காரை ஓட்டிப் போய்க் கூட்டிவர ஆசை. லைசென்ஸ் எடுத்ததே இதற்குத்தானே! வீட்டுக்காரர் வாடகை வண்டிக்குச் சொல்லி வைத்துவிட்டார். லாரி ஓட்டியே காலம் கழித்த மனுஷன், கண் ஆபரேஷனுக்கு அப்புறம் தூரம் ஓட்டுவதில்லை. என் கையில் ஸ்டியரிங் என்றாலே முகம் சுருங்கும்.

கெஞ்சியதில் ஒரு வாய்ப்பு. இவரைப் பக்கத்தில் வைத்து ராசிபுரம் வரை ஓட்டிக் காட்டணும். பாஸானால் வாடகை வண்டி ரத்து.

ஃபெயில். கார் தவளை மாதிரி குதித்தது. சின்னப் பள்ளம்கூட இடுப்பில் தெரிந்தது.

"இப்படித் தூக்கிப் போட்டீன்னா புள்ளத்தாச்சிய எப்படிக் கூட்டியாருவே?"

"மெதுவாத்தானுங்க போனேன்!"

மதியம் சோறு இறங்கவில்லை. அழுகைகூட வந்தது.

பிப். 8, சனி

வாங்க: புளி, நல்லெண்ணெய், எலுமிச்சை, வாழையிலை, கண்ணாடி வளையல் (பச்சை).

கடைக்குக் கிளம்பும்போது டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர். இத்தனை நாள் கண்ணிலேயே படவில்லை. டயருக்கு எவ்வளவு காற்று என்று. ஆள் குறைவென்றால் 30, ஆளும் சுமையும் நிறைய என்றால் 33.

பெட்ரோல் பங்க் தெருமுனையில்தான். டயர் சூடாகும் முன்னே போய்ச் சேர்ந்தேன். சூட்டில் பார்த்தால் கூடுதலாகக் காட்டுமாம். மெஷினில் 50!

"அண்ணா, மெஷின் ரிப்பேருங்களா?"

"மெஷின் சரியாத்தானுங்க இருக்குது. ஆரு புடிச்சாங்க இந்தக் காத்த?"

வேறு யார்? போன வாரம் லாரிப் பட்டறைக்கு இவர்தான் கொண்டுபோனார். டயரை ஸ்பேனரால் தட்டிப் பார்த்து, "கல்லாட்ட இருக்குது" என்று மெச்சிக்கொண்டே வந்தார்! எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நேற்றுக் குதித்தது என் ஓட்டம் இல்லை, டயர்! நாலிலும் 30க்கு இறக்கினேன். வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லாமல் இவரை ஏற்றி அதே ரோட்டில் ஓட்டினேன்.

"இன்னைக்குப் பரவால்லையே! நல்லாத்தான் ஓட்டறே."

அப்புறம்தான் ஸ்டிக்கரைக் காட்டினேன். கண்ணாடி போட்டு இரண்டு தரம் படித்தார். உடனே வாசலில் நின்று போன்:

"தம்பி, நாளைக்கு வண்டி வேண்டாமுங்க. ஊட்டுக்காரி ஓட்றா."

அடுப்படியில் புளியும் கையுமாக ஒரு ஆட்டம் போட்டேன். யாரும் பார்க்கவில்லை.

பிப். 9, ஞாயிறு

கிளம்பும் முன் நாலு டயருக்கும் 33. ஸ்டெப்னியும் பார்த்தாச்சு. வால்வு மூடிகளை இவரே குனிந்து திருகினார். டிக்கியில் சோறு கட்டிய தூக்குப் போசி ஒன்றும் சாயவில்லை, தயிர்சாதம்கூட.

ஆத்தூரில் சம்பந்தியம்மா வாசலுக்கே வந்து, "நீங்களா ஓட்டிக்கிட்டு வந்தீங்க?" மூணு தடவை கேட்டார். மூணு தடவையும் பெருமையாகத் தலையாட்டினேன்.

திரும்பும்போது பின் சீட்டில் கவிதா, கை நிறைய வளையல். முன்னால் இவர். மங்களபுரம் வரை "பிரேக்கு, பிரேக்கு" என்று வாய் ஓயவில்லை. நாமகிரிப்பேட்டை தாண்டியதும் பேச்சே இல்லை. கோபமோ என்று பயந்துவிட்டேன். கவிதா முன்னால் சாய்ந்து கிசுகிசுத்தாள்.

"அம்மா, அப்பா தூங்கறாருங்க. அடுத்தவங்க ஓட்டற வண்டில அவரு கண்ண மூடி நான் பாத்ததே இல்லீங்கம்மா."

வீடு வந்தது, இவர் இன்னும் தூக்கம். நான் நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினேன்.