வலது பக்கம் சாய்ந்த அம்பாசிடர்

கிழக்குத் தாம்பரம்
12.8.91

அன்புள்ள அம்மாவுக்கு யூனிஸ் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் வேலைக்குப் போய் வருகிறேன். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? உப்பைக் குறைத்தீர்களா?

நீங்கள் சொன்னபடி அம்பாசிடரை விற்க ஏற்பாடு செய்துவிட்டேன். அவர் இறந்த இந்த ஐந்து மாதமும் அது வாசலில் வலது பக்கம் சாய்ந்தே நின்றது. அப்படியே காட்டினால் யாரும் வாங்கமாட்டார்கள் என்று மெக்கானிக் லோகநாதனை வீட்டுக்கு வரவழைத்தேன். அவர் அடியில் படுத்து, பின்சக்கரத்து ஸ்பிரிங் பட்டைகளைப் பார்த்தார்.

"டிரைவர் சைடு பட்டை படுத்துகினு கீதுக்கா. சார் துன்ன பிரியாணியெல்லாம் இது மேலதான் குந்திகினு கீது" என்றவர், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு பக்கம் மட்டும் புதிய பட்டை போட்டால் அந்தப் பக்கம் தூக்கிக்கொள்ளுமாம். அதனால் இரண்டு பக்கமும் மாற்றினார். வண்டி நேராக நின்றது.

"ஒக்காருங்கக்கா, சாயுதா பாக்கலாம்."

டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன்.

"நீங்க ஏறினதே வண்டிக்குத் தெரியலக்கா" என்றார்.

குரோம்பேட்டைக்காரர் ஒருவர் 24ஆம் தேதி சனிக்கிழமை வந்து எடுத்துப்போகிறார். ஊர்ப்பக்கம் வேலை மாற்றல் வாங்கி வரச் சொன்னீர்களே, அதைப் பற்றி இன்னும் யோசிக்கவில்லை.

தம்பி வேதசிரோமணியை முதல் நாளே ரயிலேற்றி அனுப்ப முடியுமா? கொஞ்சம் கருப்பட்டியும் கொடுத்துவிடுங்கள். கையெழுத்தெல்லாம் நானே போட்டுவிடுவேன்; வண்டி போகும்போது அவன் கூட நின்றால் போதும். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. அவன் வந்தால் அன்றைக்காவது மதியம் சமைப்பேன் என்று சொல்லுங்கள்.

யூனிஸ்