மூன்றாவது முறை வந்த விடைத்தாள்

என்னங்க,

நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் முதலில் இதைப் படியுங்கள். அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடங்கள் விடைத்தாள்களை எங்கள் கம்பெனிக்கு அனுப்புகின்றன, நாங்கள் திருத்துகிறோம். வேலை குவிகிறதென்று நான் பீற்றிக்கொண்டதை நம்பித்தானே இந்தக் கம்பெனியின் பங்குகளை வாங்கினீர்கள்? நேற்று என் திரையில் வந்த கணக்குத் தாளின் ஓரத்தில் மீசை வைத்த பூனைப் படம். அதே தாளை இந்த மாதம் இரண்டு தடவை ஏற்கெனவே திருத்திவிட்டேன்! பழைய தாள்களையே சுற்றவிட்டு வியாபாரம் பெருகுவதாகக் காட்டுகிறார்கள். சூப்பர்வைசரிடம் கேட்டேன். "யார்கிட்டயாவது சொன்னீங்களா மேடம்?" என்று மட்டும் கேட்டார். இன்று காலை ஏழு மணிக்கே வரச் சொல்லியிருக்கிறார்.

பத்து மணிக்கு உங்கள் அக்கா நகை விற்ற பணத்தோடு வருவார். அவருக்கு இந்தப் பங்கை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். "உன் பொண்டாட்டிக்கு வயித்தெரிச்சல்டா" என்பார். சொல்லிவிட்டுப் போகட்டும். சாப்பிட வைத்து அனுப்புங்கள், குழம்பு அடுப்பில் இருக்கிறது.

நம்முடையதையும் விற்க வேண்டாம். தெரிந்தே இன்னொருவர் தலையில் கட்ட மனசு வரவில்லை. திட்டுவதை நேரில் திட்டுங்கள்.

பி.கு: என் போன் கம்பெனி கொடுத்தது. அதில் கூப்பிடாதீர்கள். மதியத்துக்குள் நான் வராவிட்டால் ஆபீஸ் வாசலில் வந்து கத்துங்கள்.

மேலே பி.கு.வில் எழுதியதை மட்டும் அடித்துவிடுங்கள். கீழே தெருவில் கம்பெனி கார் வந்து நிற்கிறது. ஆறு வருஷத்தில் ஒருநாளும் எனக்குக் கார் அனுப்பியதில்லை. பின்பக்கப் படியில் இறங்கி என் தம்பி வீட்டுக்குப் போகிறேன். யார் கேட்டாலும், நான் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டதாகவே சொல்லுங்கள்.