நான் விட்ட மூன்று மாத்திரைகள்

3.9.2007, திங்கள்
மதியச் சாப்பாட்டு நேரத்தில் பட்டாசுக் கம்பெனி வாசலில் குடும்பநலக் கூட்டம். கிராம நர்ஸ் என்பதால் மாதாமாதம் நான்தான் பேசுகிறேன். திரி வைக்கிற முருகம்மாள் எழுந்து, மூன்று நாள் கருத்தடை மாத்திரை போட மறந்துவிட்டதாகச் சொன்னாள். சீசன் வேலை, வீட்டுக்குப் போனால் படுக்கத்தான் தோன்றுகிறதாம்.
"மாத்திரைய மறக்கிறவ, பெத்த மூணையும் எப்படித்தான் வளக்கிறியோ?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதற்குள் வேலைக்கு மணி அடித்துவிட்டது.

9.9.2007, ஞாயிறு
ஏழாயிரம்பண்ணையில் நாத்தனார் மகள் காதுகுத்துக்குப் போய் நேற்றுத்தான் திரும்பினோம். இன்று பீரோவைத் திறந்தால் என் மாத்திரை அட்டை. எடுத்துப் போகவே இல்லை. வியாழன், வெள்ளி, சனி — மூன்றும் அப்படியே இருக்கின்றன. அட்டையின் முதல் வாரம் வேறு. நேற்று வீட்டுக்காரரோடு...
சின்னவளுக்கு இன்னும் ஒன்றரை வயது ஆகவில்லை. ஆபரேஷன் செய்து எடுத்த பிள்ளை.
என்ன செய்ய வேண்டுமென்று எனக்கா தெரியாது? விட்டதில் கடைசி ஒன்றை உடனே போட்டு, மற்றதை வழக்கம்போலத் தொடர வேண்டும். ஏழு நாள் ஆணுறை. முதல் வாரம் என்பதால் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் அவசர மாத்திரையும்.
ஊருக்கெல்லாம் சொல்கிற நர்ஸ். சீ.

10.9.2007
சிவகாசியில் எந்த மெடிக்கலில் நின்றாலும் தெரிந்த முகம். லீவு போட்டுவிட்டு விருதுநகர் போனேன். கடைக்காரர், "யாருக்கும்மா?" என்றார்.
"ஒரு பேஷண்டுக்கு."
சொல்லும்போதே முருகம்மாள் முகம் வந்து நின்றது. இதைத்தானே அவளுக்கும் சொல்லியிருக்க வேண்டும்? எத்தனையாவது மாத்திரை என்றுகூட நான் கேட்கலையே! இப்போது அவளுக்கு அவசர மாத்திரைக்கும் நாள் கடந்துபோயிருக்கும். நேரில் போய்ப் பார்க்கலாம். எந்த முகத்தோடு?

28.9.2007
மாதவிலக்கு வந்துவிட்டது. குளியலறையில் உட்கார்ந்து அழுதேன். முருகம்மாள் வீட்டுக்கு இன்னும் போகவில்லை.

5.10.2007, வெள்ளி
முருகம்மாள் இரண்டு நாளாக வேலைக்கு வரவில்லை. கூட வேலை பார்க்கும் கருப்பம்மாளிடம் விசாரித்தேன். "அவளுக்கு நாள் தள்ளிப்போச்சு நர்சம்மா. ஒங்ககிட்ட வரச் சொன்னேன். அன்னைக்குப் பட்டதே போதும்னுட்டா."
வீட்டுக்கே போனேன். வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தாள். என்னைப் பார்த்ததும் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். எனக்கு எழுந்து நிற்கிறாள்!
"நானும் மூணு நாள் விட்டுட்டேன் முருகம்மா" என்றேன். ஏன் சொன்னேன்? என் பாரம் இறங்கவா?
நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க என்ன செஞ்சீக?"
சொன்னேன். விருதுநகர் போனதுவரை எல்லாம் சொன்னேன்.
"அத அன்னைக்கே எனக்கும் சொல்லியிருக்கலாம்லம்மா."
அவ்வளவுதான். வையவில்லை. வைதிருந்தால் தாங்கியிருப்பேன்.

17.10.2007
நாலாவது வேண்டாமென்றாள் முருகம்மாள்; அரசு ஆஸ்பத்திரியில் கருவைக் கலைத்துவிட்டார்கள். கூட வருகிறேன் என்றதற்கு, "வேணாம்மா, அவுக வாராக" என்று புருஷனோடு போய்விட்டாள்.

29.10.2007, திங்கள்
கூட்டத்தில் நீளமாகப் பேசவில்லை. கேட்க வேண்டியவர்கள் தனியாக வரலாம் என்று சொல்லி, ஷெட்டுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். நெடுநேரம் யாரும் வரவில்லை. கடைசியில், புதிதாகக் கல்யாணமான ஒருத்தி வந்தாள்.
"ரெண்டு மாத்திரை விட்டுப்போச்சு. முருகம்மாக்காதான் போய்க் கேளுன்னாக. இப்ப வைய மாட்டாகன்னாக."
நிதானமாக விசாரித்து, செய்ய வேண்டியதை எழுதிக் கொடுத்தேன். அந்தப் பக்கம் குழாயடியில் முருகம்மாள் தூக்குவாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.